கதையைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுவது எப்படி? இதிகாசப் படமும் காமெடிப் படமும் வைத்து ஒரு பயிற்சி

நான் எழுதிய முதல் திரைவிமர்சனம் ஒரு கோடு போட்ட நோட்டில் ஏழு பக்கம். அதில் ஆறரைப் பக்கம் கதை. மீதி அரைப் பக்கத்தில் "பாடல்கள் அருமை, ஒளிப்பதிவு அருமை, சண்டைக்காட்சிகள் சுமார், மொத்தத்தில் ஒருமுறை பார்க்கலாம்" என்று முடித்திருந்தேன். பெருமையோடு நண்பனிடம் நீட்டினேன். பொறுமையாகப் படித்தவன் நோட்டைத் திருப்பித் தந்துவிட்டு, "கதை நல்லாப் புரிஞ்சுதுடா. படம் எப்படி?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருஷம் ஆனது. கற்றுக்கொடுத்தவை இரண்டு வகைப் படங்கள். ஒன்று இதிகாச, புராண, ராஜா ராணிப் படங்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சாமி படம்' என்றுதான் பெயர். இன்னொன்று காமெடிப் படம். கர்ணன் சாவான் என்பது டிக்கெட் கிழிப்பவர் முதல் பால்கனியில் தூங்குபவர் வரை எல்லாருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள யாரும் தியேட்டருக்கு வருவதில்லை. காமெடிப் படத்தில் வேறு மாதிரி சிக்கல். 'காதலிக்க நேரமில்லை' கதையை ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள்: பணக்காரச் சம்பந்தம் தேடும் ஓர் அப்பா, அவரை ஏமாற்ற நண்பனையே கோடீஸ்வரத் தகப்பனாக வேஷம் கட்டச் சொல்லும் ஓர் இளைஞன். சிரிப்பு வந்ததா? வராது. ஆக, இந்த இரண்டு வகையிலும் கதைச் சுருக்கம் உங்களைக் காப்பாற்றாது. வேறு எதையாவது எழுதியே ஆகவேண்டும். புதிதாக எழுத வருபவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

1. பழைய படமாக எடுங்கள்

வெள்ளிக்கிழமை வந்த படத்தை எழுதாதீர்கள். முதல் நாள் விசில் சத்தத்தில் படம் நல்லாயிருக்கிறதா, கூட்டம் நல்லாயிருக்கிறதா என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. போதாததற்கு ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். யாரோ சொன்ன வாக்கியம் உங்கள் கைக்கு வந்துவிடும். குறைந்தது இரண்டு முறையாவது பார்த்துவிட்ட, இன்னும் அலுக்காத படம் ஒன்றை எடுங்கள்.

எந்தப் படம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு ஜோடியைச் சொல்வேன். பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்', ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. இரண்டும் 1964. முதலாவது பொங்கலுக்கு வந்தது, அடுத்தது பிப்ரவரி கடைசியில். நடுவில் ஆறு வாரம்தான். ஜனவரியில் அர்ஜுனனாக வில் பிடித்து நின்ற முத்துராமன், பிப்ரவரியில் கிழவர் வேஷம் போட்டு டி.எஸ்.பாலையாவை ஏமாற்றிக்கொண்டிருந்தார். ஒரே நடிகர், ஒரே வருஷம், இரண்டு உலகம். அர்ஜுனன் எப்படி நிற்கிறான், பொய்க் கிழவர் எப்படி நிற்கிறார் என்று மட்டும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுங்கள். கதையைத் தொடாமல் நீங்கள் எழுதும் முதல் பத்தி அதுவாக இருக்கட்டும்.

2. இரண்டு முறை பாருங்கள், இரண்டு மாதிரி

முதல் முறை ரசிகனாக. பேனா, பேப்பர், போன் எதுவும் கையில் வேண்டாம். படம் முடிந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது மனதில் தானாக மேலே வருவது எது என்று கவனியுங்கள். மூன்று விஷயம் வரும். அதைக் குறித்து வையுங்கள். உங்கள் விமர்சனத்தின் முதுகெலும்பு அந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

இரண்டாம் முறை கணக்குப்பிள்ளையாக. இப்போது நோட்டு வேண்டும். வீட்டில் என்றால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தியேட்டரில் என்றால் ஒரு தாளை நாலாக மடித்து, ஒரு மடிப்புக்கு ஒரே குறிப்பு, கொட்டை எழுத்தில். இருட்டில் வரிக்கு மேல் வரி எழுதி, வெளிச்சத்தில் வந்து பார்த்தால் பிரம்மலிபிதான் மிஞ்சும், அனுபவித்தவன் சொல்கிறேன்.

எதைக் குறிப்பது? இதிகாசப் படமென்றால், எந்த இடத்தில் உங்கள் முதுகு நாற்காலியை விட்டு முன்னால் வந்தது என்று. காமெடி என்றால் எந்த இடத்தில் சிரித்தீர்கள், வாய்விட்டா, உதட்டோடா, பக்கத்து ஆள் சிரித்ததால் நீங்களுமா என்று. இந்தக் கடைசி வகையை நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் தனியாகப் பார்க்கும்போது அங்கெல்லாம் சிரிப்பு வராது.

காமெடிக்கு இரண்டாம் முறை கட்டாயம். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) மாதிரி படத்தில் கிரேசி மோகன் ஒரு சிலேடையைப் போட்டு, அது அடங்குவதற்குள் அடுத்ததைப் போட்டிருப்பார். தியேட்டரில் முதல் சிரிப்பு இரண்டாவது வசனத்தைச் சாப்பிட்டுவிடும். ஒரு தடவை பார்த்துவிட்டு அந்தப் படத்தை எழுதுபவர் பாதிப் படத்தைத்தான் எழுதுகிறார்.

3. இதிகாசப் படம்: 'மூலத்தில் அப்படி இல்லை' என்று சொல்லுமுன்

புதிதாக எழுதுபவர்கள் எல்லாரும் விழும் பள்ளம் இது. நானும் விழுந்திருக்கிறேன். படத்தில் ஒரு காட்சி வரும். நாம் படித்த சுருக்க பாரதத்தில் அது இருக்காது. உடனே "இயக்குநர் மூலத்தைச் சிதைத்துவிட்டார்" என்று எழுதிவிடுவோம்.

எந்த மூலம்? 'கர்ணன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். துரியோதனன் மனைவி பானுமதியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். துரியோதனன் வருவதைப் பார்த்து அவள் எழ, ஆட்டத்தை விட்டு ஓடுகிறாள் என்று எண்ணிக் கர்ணன் பிடித்து இழுக்க, அவள் இடுப்பு அணியான மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. வந்த துரியோதனன் சந்தேகப்படாமல், எடுக்கட்டுமா, கோக்கட்டுமா என்று கேட்கிறான். வியாச பாரதத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரில் இருக்கிறது: 'எடுக்கவோ கோக்கவோ என்றான்'. களத்தில் விழுந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணனாக வந்து அவன் செய்த புண்ணியத்தை எல்லாம் தானமாகக் கேட்பதும் வில்லி வழி வந்ததுதான். படம் சிதைக்கவில்லை. தமிழ்நாட்டில் கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் பாரதப் பிரசங்கமாகவும் ஊர் ஊராக ஓடிய பாரதத்தை எடுத்திருக்கிறது.

'மாயாபஜார்' (1957) இன்னும் வேடிக்கை. அபிமன்யு, பலராமன் மகள் வத்சலா காதல் கதை வியாசரிடம் கிடையாது. மக்கள் வாய்வழி வந்தது. பாண்டவர் குடும்பத்துக் கல்யாணக் கதைதான், ஆனால் ஐந்து பாண்டவர்களில் ஒருவர் முகத்தைக்கூடக் காட்டவில்லை கே.வி.ரெட்டி. மூலத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்லப் புறப்பட்டால் இந்தப் படத்தில் ஒரு காட்சியும் தேறாது. பார்த்தால் ஒரு நிமிஷம்கூட நகர மனம் வராது.

அதனால் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் 'நான் கேட்டு வளர்ந்த கதை', இரண்டாவதில் 'படத்தில்', மூன்றாவதில் 'இதனால் என்ன ஆனது'. மூன்றாவது கட்டம்தான் விமர்சனம். பானுமதி காட்சியை வைத்ததால் என்ன ஆனது? துரியோதனனாக வரும் அசோகன் அந்த ஒரு கேள்வியில் நம் மனதில் உயர்ந்துவிடுகிறான். பிறகு கிருஷ்ணன் உண்மையைச் சொல்லியும், குந்தி அழுதும், கர்ணன் ஏன் இந்தப் பக்கமே நின்றான் என்று நாம் கேட்பதே இல்லை. ஒரு மேகலை மணி படத்தின் இரண்டாம் பாதியையே தாங்குகிறது. இதை எழுதுங்கள். இதை எழுத மூலநூல் பாண்டித்யம் தேவையில்லை; பாட்டி சொன்ன கதை நினைவில் இருந்தால் போதும்.

முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். 'கர்ணன்' 2012 மார்ச்சில் டிஜிட்டலாகச் செப்பனிட்டு மறுபடி வெளியானபோது அப்பாவைக் கூட்டிப் போனேன். புதுப்படங்களுக்கு நடுவில் அது நூறு நாளைத் தாண்டி ஓடியது ஊரறிந்த செய்தி. அம்பு தைத்துக் கிடக்கும் சிவாஜியைப் பார்த்துச் சீர்காழியின் குரலில் 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' தொடங்கியதும், அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 48 வருஷத்துக்கு முன்பே பார்த்த படம். முடிவு தெரியாதா அவருக்கு? எனக்குத் தோன்றிய பதில்: அந்தப் பாட்டைப் பாடுவது கொல்ல ஏற்பாடு செய்தவன். வஞ்சகன் கண்ணனடா என்று கண்ணனே ஒப்புக்கொள்கிறான். நமக்குத் தெரிந்த முடிவைக் கண்ணனே வந்து நியாயப்படுத்த முடியாமல் திணறுவதுதான் புதுசு. உங்களுக்கு வேறு பதில் தோன்றலாம். தோன்றியதை எழுதுங்கள்.

4. 'பிரம்மாண்டம்' என்ற சொல்லை ஒரு மாதம் பட்டினி போடுங்கள்

எத்தனை யானை, எத்தனை குதிரை என்பது விளம்பரத்துக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மனிதன் தெரிகிறானா என்பது. 'கர்ணன்' போர்க்காட்சிகளைக் குருக்ஷேத்திரத்துக்கே போய் எடுத்தார்கள். அந்தத் தகவலை ஒரு வரியில் சொல்லிவிட்டு, திறந்த வெளியின் வெயிலும் புழுதியும் அரண்மனைக் காட்சிகளின் மினுமினுப்புக்குப் பிறகு வரும்போது உங்களுக்கு என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதினால் தகவலுக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை.

தந்திரக்காட்சிகளையும் அப்படித்தான். 'மாயாபஜாரில்' கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகவே பறந்து அவர் வாய்க்குள் போகின்றன. கம்ப்யூட்டர் கிடையாது, மார்கஸ் பார்ட்லியின் கேமராவும் பொறுமையும்தான். ஆனால் "அந்தக் காலத்திலேயே" என்று வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தந்திரம் இன்றைக்கும் ஏன் செல்லுபடியாகிறது என்றால், ரங்காராவ் லட்டைப் பார்க்கும் பார்வையில் நிஜமான பசி இருக்கிறது. பசியை நம்பிவிட்டால் லட்டு பறப்பதையும் நம்பிவிடுகிறோம். இப்போது வரும் பல ராஜா படங்களில் மலையே இடிந்து விழுகிறது, நிற்பவர் முகத்தில் மட்டும் தூசுகூடப் படுவதில்லை. இந்த ஒப்பீடு உங்கள் கையில் இருந்தால் கிராபிக்ஸ் பற்றி ஒரு தொழில்நுட்ப வார்த்தையும் தெரியாமலே நன்றாக எழுதலாம்.

5. காமெடி: சிரிப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது?

இதுதான் கஷ்டமான படி. அவசரப்பட வேண்டாம்.

ஒரு சிரிப்புக் காட்சியை எடுத்துக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். சத்தமில்லாமலும் சிரிப்பு வந்தால் அது உடம்பில் இருக்கிறது. கண்ணை மூடியும் வந்தால் வசனத்தில். இரண்டிலும் வராமல் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் வந்தால் டைமிங்கில், அல்லது சூழ்நிலையில்.

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது நான் கண்டது: நாகேஷ் கதவு கிறீச்சிடுவது முதல் எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே கொடுத்து ஒரு வாத்தியக் கோஷ்டியே நடத்துகிறார். ஆனால் சிரிப்பு அவரிடம் இல்லை. பாலையாவின் முகத்தில் இருக்கிறது. பயப்படக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டு உட்கார்ந்த பெரிய மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாகிறார். கேட்பவராக வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அது வெறும் மிமிக்ரி. 'நாகேஷ் கலக்கியிருக்கிறார்' என்று எழுதுகிறவர் காட்சியில் பாதியைத் தவறவிடுகிறார்.

பிரித்துப் பார்ப்பதற்கு நம்மிடமே ஒரு பழைய கருவி இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது நகையைத்தான், சிரிப்பைத்தான், முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பரீட்சைக்குப் படித்தபோது மண்டையில் ஏறவில்லை. கவுண்டமணி, செந்தில் பார்க்கும்போது ஏறியது. எள்ளல் கவுண்டமணியுடையது என்பதில் சந்தேகமே வேண்டாம். செந்திலுடையது பேதைமை என்று தோன்றும். ஆனால் 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியைக் கவனியுங்கள். அங்கே செந்தில் ஒன்றும் தெரியாதவர் இல்லை. ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டார், உலகமே கூடிக் கேட்டாலும் விடமாட்டேன் என்கிறார். கொண்டது விடாமை. உரைகாரர்கள் மடனுக்குச் சொல்லும் விளக்கமே அதுதான். பேதைமை ஒரு தடவைதான் சிரிக்க வைக்கும். மடன் திரும்பத் திரும்பச் சிரிக்க வைக்கும், எதிரில் நிற்பவனைப் பைத்தியமாக்கி. முப்பது வருஷம் தாண்டியும் அந்த வாழைப்பழம் அழுகாமல் இருக்க இதுதான் காரணம் என்பது என் கட்சி.

எல்லாப் படத்துக்கும் இந்த நாலு பெட்டி போதாது. 'மைக்கேல் மதன காமராஜனில்' பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்து தவிக்கிற இடத்தை எந்தப் பெட்டியில் போடுவது? வழி தேடுபவனின் அவஸ்தை அது. கூடவே அவருடைய பாலக்காட்டுத் தமிழ். பெட்டிக்குள் அடங்காததைக் கண்டுபிடிப்பதும் பயிற்சிதான்.

இன்னொன்று. பழைய படங்கள் பலவற்றில் காமெடி தனி 'ட்ராக்'. கதை ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்கும், நகைச்சுவை ஜோடி இன்னொரு பக்கம் தனிக்குடித்தனம் நடத்தும். அப்படியான படத்துக்கு ஒரே மதிப்பெண் போடாதீர்கள். ட்ராக்கைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் எழுதுங்கள். ட்ராக்கை உருவி எடுத்துவிட்டால் படம் நிற்குமா, படத்தை எடுத்துவிட்டால் ட்ராக் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் ட்ராக்தான் நிற்கிறது. நேசமணி நல்ல சாட்சி. 2001 இல் வந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலு பாத்திரம், 2019 இல் தலையில் சுத்தியல் விழுந்ததற்காக உலகம் முழுக்கப் பிரார்த்தனை வாங்கியது.

நகைச்சுவை வசனத்தை விமர்சனத்தில் அப்படியே எழுதாதீர்கள். எழுத்தில் அது செத்த மீன். வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுங்கள்: யார், எங்கே மாட்டிக்கொண்டு, என்ன தெரியாமல் நிற்கிறார் என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

6. முன்பு சிரித்து, இப்போது சிரிக்க முடியாதவை

பழைய காமெடியை மறுபடி பார்த்தால் இது தவிர்க்க முடியாமல் வரும். நிறத்தைச் சொல்லி, உடம்பைச் சொல்லி, திக்குவாயைச் சொல்லி, பெண்டாட்டியை அடிப்பதைச் சொல்லி, திருநங்கைகளைக் காட்டி எடுத்த சிரிப்பு. சின்ன வயதில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு சுலபமான வழி இருக்கிறது. கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவது ஒன்று. படத்தையே குப்பை என்று தீர்ப்பு எழுதுவது இன்னொன்று. இரண்டும் வேண்டாம். அந்தக் காட்சியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அப்போது சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை, நடுவில் என்னிடம் மாறியது இது என்று எழுதுங்கள். தனிப்பட்ட விமர்சனத்துக்குப் பத்திரிகை விமர்சனத்தைவிட ஒரு வசதி உண்டென்றால் இதுதான்: நீங்களும் படத்துக்குள் ஒரு ஆள். ஒரே படத்தில் எள்ளல் மேலே இருப்பவனை நோக்கிப் போகும் இடமும், கீழே கிடப்பவனை மிதிக்கும் இடமும் இருக்கும். அந்த வித்தியாசத்தை அடையாளம் காட்டினால் போதும், உபதேசம் தேவைப்படாது.

7. இரண்டும் கலந்த இடம்

நம் ஊரில் இதிகாசமும் நகைச்சுவையும் தனித்தனி வீட்டில் இருந்ததே இல்லை. தெருக்கூத்தில் திரௌபதி துகில் உரியப்படும் இரவில்கூடக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுவில் வந்து ராஜாவையே கிண்டலடித்துவிட்டுப் போவான். ஏ.பி.நாகராஜன் இதை அறிந்தவர். 'திருவிளையாடல்' (1965) படத்தில் சிவாஜி சிவன், நாகராஜனே நக்கீரர். ஆனால் வெளியே வருபவர்கள் பேசிக்கொண்டு வந்தது நாகேஷின் தருமியை. புராணத்தில் தருமி பொற்கிழிக்காக இறைவனிடம் முறையிடும் ஏழை. படத்தில் அவன் கடவுளிடமே பேரம் பேசுகிறான், சந்தேகப்படுகிறான், அடிபடப் போகிறோமே என்று நடுங்குகிறான். அவன் பயந்ததால்தான் சிவன் கோபம் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) இதற்கு மறுகோடி. சிம்புதேவன் ராஜா படத்தின் உடுப்பை எல்லாம் எடுத்து வடிவேலுக்கு மாட்டிவிட்டார். இதை எழுதுவதென்றால் முதலில் ஒரு வேலை உண்டு. அரண்மனையில் ஒருவன், வெளியே ஒருவன் என்று வளரும் இரட்டைப் பிள்ளைக் கதையைக் கொண்ட 'உத்தமபுத்திரன்' (1958) மாதிரி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். எதைக் கிண்டல் செய்கிறது என்று தெரியாமல் கிண்டலை மதிப்பிட முடியாது. தெரிந்தபின் பார்த்தால், அக்காமாலா, கப்சி பானங்களைத் தாண்டி இன்னும் பத்து இடத்தில் புதிதாகச் சிரிப்பீர்கள்.

8. எழுத உட்காரும்போது

400 முதல் 600 சொல் போதும். கதைக்கு மூன்று வாக்கியம், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. முதல் வரியில் இயக்குநர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர் பட்டியல் வேண்டாம். டீக்கடையில் மனதில் மேலே வந்ததே, அந்த மூன்றில் ஒன்றை வையுங்கள். எங்கே, எப்போது, யாரோடு பார்த்தீர்கள் என்பது எங்காவது ஒரு வரி வரட்டும். அந்த நடிகருக்கு நீங்கள் ரசிகர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வாசகர் தள்ளுபடி போட்டுப் படித்துக்கொள்வார்.

'பிரம்மாண்டம்' பட்டினியில் இருக்கிறது. அதோடு 'பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்', 'வயிறு குலுங்க', 'மெய்சிலிர்க்க', 'கண்ணுக்குக் குளிர்ச்சி', 'இரண்டாம் பாதியில் சற்றே தொய்வு' இவற்றையும் சேர்த்துக் கட்டிப்போடுங்கள். தொய்வு என்றால் எந்தக் காட்சியில் கடிகாரம் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஒரு உதாரணம். என் பழைய நோட்டில் இருந்தது இது:

"மாயாபஜார் ஒரு பிரம்மாண்டமான புராணப் படமாகும். சாவித்திரி வத்சலாவாகவே வாழ்ந்திருக்கிறார். நகைச்சுவைக் காட்சிகள் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கின்றன."

பின்னால் திருத்தி எழுதியது:

"மணமேடையில் இருப்பது வத்சலா இல்லை, அவள் உருவத்தில் வந்த கடோத்கஜன் என்று நமக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது. சாவித்திரி தலை குனிந்து நாணப்படுகிறார். கீழே அவர் கால், மாப்பிள்ளை தங்கவேலுவின் காலை நசுக்குகிறது. முகத்தில் மணப்பெண், காலில் அரக்கன். தங்கவேலு கத்தவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் விழிக்கும் அந்த விழிப்புக்காகவே ஆறாவது தடவையும் பார்த்தேன்."

இரண்டாவதில் கதை எவ்வளவு வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றரை வாக்கியம்.

நட்சத்திரம் போடுவதும் மதிப்பெண் போடுவதும் உங்கள் இஷ்டம். நான் போடுவதில்லை. சிரிப்புக்கு மூன்றே கால் நட்சத்திரம் என்று எழுதக் கை வருவதில்லை.

9. வெளியே அனுப்புமுன்

ஓர் இரவு ஆறப்போடுங்கள். காலையில் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். பெயர்களையும் வருஷத்தையும் நினைவிலிருந்து எழுதாமல் டைட்டில் கார்டை நிறுத்திப் பார்த்துச் சரிபாருங்கள். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். டிவியில் வருவதில் பாட்டும் காட்சியும் வெட்டியிருப்பார்கள். வெட்டியவர் தப்பை இயக்குநர் தலையில் கட்டிவிடக் கூடாது. இரண்டு மொழியில் எடுத்த படமென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இதை நான் கற்றது பெரியப்பாவிடம். திருத்தி எழுதிய அந்த 'மாயாபஜார்' விமர்சனத்தைப் பிரதி எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தேன். அபிமன்யுவாக நாகேஸ்வர ராவ் என்று எழுதிவிட்டேன். அது தெலுங்குப் பிரதி. தமிழில் ஜெமினி கணேசன். பெரியப்பா இரவு பத்து மணிக்குப் போன் செய்தார்.

"ஏண்டா, ஜெமினியை எங்கடா தொலைச்சே?"

"தப்புதான் பெரியப்பா. மாத்திடறேன்."

"மாத்து. தேதி போட்டு, தப்பா எழுதிட்டேன்னு அடியில ஒரு வரி சேர்த்துடு. நைசா அழிச்சிடாதே." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்த மிதிக்கிற சீனை எழுதியிருக்கே பாரு, அது சரி. ஆனா லட்டு எங்கடா? லட்டைப் பத்தி ஒரு வரி கூடக் காணோமே?"